ஆறு மணிக் குருவி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சுற்றுலா என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதுவும் திருப்புதல் தேர்வுகள் வரிசை கட்டி நிற்கும் ஜனவரி மாதத்தில்! நம் பள்ளி இயற்கை மன்றத்தார் பறவை பார்க்க ஆனைகட்டிக் காட்டுக்குச் செல்கிறார்கள் என்ற அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்ட அன்று முதல் ஆளாய் ஓடிப் போய்ப் படித்தவள் நான்தான். கீழே சிவப்பு மையில் ‘பத்தாம் வகுப்பு நீங்கலாக’ என்று எழுதியிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

மூன்று நாள் அறிவியல் சிஸ்டரின் பின்னாலேயே அலைந்தேன். “கணக்கில் நீ வாங்கிய மதிப்பெண் பறவைகளுக்குத் தெரிந்தால் ஒன்றுகூட உன் கண்ணில் படாது” என்று சிரித்தார் சிஸ்டர். நான் விடவில்லை. அடுத்த தேர்வில் கணக்கில் எண்பதுக்குக் குறையாமல் வாங்குவேன் என்று வாக்குக் கொடுத்தேன். (எழுபத்து மூன்றுதான் வந்தது. அது பின்னால் நடந்த கதை.) கடைசியில் எங்கள் வகுப்பில் நான்கு பேருக்கு அனுமதி கிடைத்தது.

“உனக்கு ஏன் இவ்வளவு ஆசை?” என்று கேட்டார் சிஸ்டர்.

“பறவை என்றால் பிடிக்கும் சிஸ்டர்” என்றேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தோழியரே! 2024 அக்டோபர் மாதத்தில் நம் விடுதிக்கு ஒரு விருந்தாளி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை இரவெல்லாம் மழை. சனிக்கிழமை காலை கோயில் மணி ஆறு அடித்தபோது முகம் கழுவப் போனேன். மாடித் தாழ்வாரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அது ஒடுங்கிக் கிடந்தது. மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, வயிறு சந்தன நிறம், வாலுக்கு அடியில் குங்குமம் கொட்டியது போல் சிவப்பு. கண்ணைச் சுற்றி அகலமாக மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை. வாலோ இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும்! ஒருத்தி கிளிக்குஞ்சு என்றாள், ஒருத்தி மீன்கொத்தி என்றாள். எங்கள் வகுப்பின் ‘வானொலி’ (அவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்) மயில்குஞ்சு என்றே செய்தி வாசித்துவிட்டாள்.

விடுதி சிஸ்டர் வந்து பார்த்தார். “பாவம், களைத்துப் போயிருக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள். யாரும் தொட வேண்டாம். சாயங்காலம் தோட்டத்தில் விட்டுவிடலாம்” என்று சொல்லிவிட்டு அவசர வேலையாக வெளியே போனார். பெட்டியின் பொறுப்பு எனக்கு.

அன்று முழுவதும் நான் மகாராணியாக இருந்தேன். பார்க்க வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்தேன். எனக்குப் பிடித்தவர்களுக்கு முதலிடம். பெட்டியைத் திறந்து காட்டினேன், கையில் எடுத்துக் காட்டினேன், மற்றவர்கள் கையிலும் கொடுத்தேன். எத்தனை கைகள் என்று நான் எண்ணவில்லை. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. என்னிடம் பழகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊற வைத்த அரிசியை அலகைப் பிரித்து ஊட்டினேன். பிஸ்கட்டைப் பொடித்துக் கொடுத்தேன். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கழுவி அதனால் பால் விட்டேன். மாலையில் அது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதே தோட்டத்தில் விட்டிருக்க வேண்டும். ஆனால் காலையில் நன்றாகத் தெளிந்த பிறகு, எல்லோரும் பார்க்க, என் கையிலிருந்து அது பறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. விடுதி சிஸ்டர் திரும்பி வந்து கேட்டபோது, “விட்டுவிட்டேன் சிஸ்டர், பறந்து போய்விட்டது” என்றேன். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஞாயிறு விடியற்காலையில் திறந்தேன். கால்கள் விறைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. திருப்பலிக்குப் போகும் முன் பின்சுவரோரம் நெல்லி மரத்தடியில் சோற்றுக் கரண்டியால் குழி தோண்டிப் புதைத்தேன்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். களைத்து வந்த பறவையைக் காப்பாற்றிப் பறக்கவிட்ட மாணவி என்று எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எண்ணிவிட்டார்கள். எட்டாம் வகுப்புத் தங்கைகள் சுவர்ப் பத்திரிகையில் என் கையிலிருந்து பறவை பறப்பது போல் படம் வேறு வரைந்தார்கள். அது ஒரு மாதம் அங்கேயே இருந்தது. அந்த ஒரு மாதமும் நான் நூலகத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனேன்.

அந்த வாரம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது அம்மிச்சியிடம் பறவையின் அடையாளத்தைச் சொன்னேன். “அது ஆறு மணிக் குருவியில்ல கண்ணு! ஐப்பசி வந்தா வரும், சித்திரை போனாக் காணாமப் போயிரும். காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கூப்பிடும். அதுக்குச் சோறு ஆகாது, புழு பூச்சிதான்” என்றார் அம்மிச்சி. நான் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். சலீம் அலி எழுதி 1941-இல் முதன்முதலாக வெளிவந்த இந்தியப் பறவைகள் நூலின் பழைய பதிப்பு ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்தக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்துக்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிடுகிறது. இமயத்து அடிவாரத்திலிருந்து கோயம்புத்தூர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அதையும் இரவில்தான் பறந்து கடக்கிறது. வழியில் விளக்கு வெளிச்சத்தில் மயங்கிக் கட்டடங்களில் மோதி விழுவதும், அசதியில் வீடுகளுக்குள் வந்துவிடுவதும் உண்டாம். நம் விடுதி மொட்டை மாடியில் விடிய விடிய எரியும் பெரிய விளக்கை நினைத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் பறந்து வந்ததற்கு என் கையில் சாப்பிட்டது பிஸ்கட் தூள்.

நான் ஏன் காட்டுக்குப் போக அடம் பிடித்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உயிரோடு இருக்கும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

25-1-2025 சனிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி வேன் புறப்பட்டது. இருபத்திரண்டு மாணவிகள், அறிவியல் சிஸ்டர், ஓர் ஆசிரியை, இரண்டே இரண்டு பைனாகுலர். தை மாதப் பனி கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்திருந்தது. காதுகளைக் கம்பளித் துணியால் கட்டிக்கொண்டு எல்லோரும் பாட்டிமார் போல் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் குடியரசு தினம். அணிவகுப்பு ஒத்திகைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்த மகிழ்ச்சி சிலர் முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. பெயர்களைச் சொல்ல மாட்டேன்.

கணுவாய் தாண்டித் தடாகம் பள்ளத்தாக்கில் நுழையும்போது கிழக்கு வெளுத்தது. 2021-இல் மூடப்பட்ட செங்கற்சூளைகளின் புகைபோக்கிகள் பனிக்குள் நின்றன. செம்மண் தோண்டிய இடங்கள் கிணறு போல் ஆழமாக இருந்தன. யானைகள் நடந்து பழகிய பாதை இது என்றார் சிஸ்டர். அதுவரை பாடிக்கொண்டு வந்த வானொலி, அதைக் கேட்டதும் ஒலிபரப்பை நிறுத்தினாள்.

மாங்கரைச் சோதனைச் சாவடியில் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினோம். அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களோடு ஏறிக்கொண்டார். இருளர் இனத்தைச் சேர்ந்தவர். எங்கள் அப்பா வயது இருக்கும். ஏறியதும் எங்களை ஒரு முறை பார்த்தார். “சிஸ்டரம்மா, புள்ளைகளைக் கொலுசைக் கழட்டச் சொல்லுங்க” என்றார். பதினொரு ஜோடிக் கொலுசுகள் கைக்குட்டை முடிச்சுகளுக்குள் போயின. அடுத்து சிவப்பு ரிப்பன்கள். பவுடர் வாசனையை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மலைப்பாதையில் ஏறி, ஆனைகட்டிக்குச் சற்று முன்பே இறங்கினோம். 1990-இல் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மையம் இந்த ஆனைகட்டியில்தான் இருக்கிறது என்று சிஸ்டர் வண்டியிலேயே சொல்லியிருந்தார். உலகமெல்லாம் பேர் பெற்ற இடம் நம் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நமக்கோ அது தெரியாது!

காட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணியில் நாங்கள் ஒரு பறவையையும் பார்க்கவில்லை. குரல்கள் மட்டும் நாலா பக்கமும் கேட்டன. ‘குட்ரூ குட்ரூ’ என்று குக்குறுவான் கூப்பிட்டது; ஒன்று நிறுத்தினால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. தூரத்தில் காட்டுக்கோழி கூவியது. இரும்பைத் தட்டுவது போல் ‘டுக் டுக் டுக்’ என்று ஒன்று. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகுவதையும் பறவை என்று நினைத்து நான் குறிப்பேட்டில் எழுதப் போனேன். காவலர் அண்ணன் சிரிக்காமல், “அது மூங்கிலுங்க அம்மிணி” என்றார்.

“பறவையைத் தேடாதீர்கள். ஓரிடத்தில் நில்லுங்கள். அதுவே வரும்” என்றார் சிஸ்டர். நின்றோம். இருபத்திரண்டு பெண்கள் பேசாமல் நின்றதை நம் தலைமை ஆசிரியை சிஸ்டர் பார்த்திருந்தால் அன்றே விடுமுறை விட்டிருப்பார்.

அப்போது வந்தது ஒரு கூட்டம். ஒரே இனம் அல்ல. ஏழெட்டு இனங்கள் சேர்ந்து, ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குச் சந்தைக்குப் போவது போல் நகர்ந்தன. அடிமரத்தில் மரங்கொத்தி, நடுக்கிளையில் சிட்டுகள், இலை நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கதிர்க்குருவி. இந்தக் கதிர்க்குருவி பத்து கிராம்கூட இருக்காதாம். அதுவும் இமயத்தைச் சேர்ந்த விருந்தாளிதான். கூட்டத்துக்குக் காவல் போல் ஒரு துடுப்புவால் கரிச்சான் வந்தது. வாலில் இரண்டு நீண்ட கம்பிகள், நுனியில் இரண்டு துடுப்புகள். மற்றவை இலைகளைக் கிளறும்போது பறந்து தப்பிக்கும் பூச்சிகளை அது லாவகமாகப் பிடித்துத் தின்றது. வேறு பறவைகளின் குரலில் கூவவும் அதற்குத் தெரியும். அடுத்த வீட்டுச் சண்டையை அப்படியே நடித்துக் காட்டும் வானொலியை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

பைனாகுலர் என் முறைக்கு வருவதற்குள் கூட்டம் போய்விட்டது. பரவாயில்லை, வெறுங்கண்ணாலேயே அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்த்தேன். தூய வெள்ளை உடல், கறுத்த தலை, பின்னால் முழ நீளத்துக்கு இரண்டு வெள்ளை ரிப்பன். நிழலுக்குள் அது திரும்பும்போது ரிப்பன் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பியது. எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பத்து மணிக்குப் பள்ளத்துக்கு வந்தோம். எங்கள் கொங்கு நாட்டில் ஓடையைப் ‘பள்ளம்’ என்போம். “இனிமே பள்ளத்துல இறங்கோணும்” என்று காவலர் அண்ணன் சொன்னதும், வெளியூர்த் தோழியர் இருவர் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இறங்கிப் பார்த்தால் கணுக்கால் அளவுத் தெளிந்த நீர்! இரு கரையிலும் நீர்மருதும் நாவலும் குடை பிடித்திருந்தன. ஈரமணலில் தட்டு அளவு வட்ட வட்டமாக யானைக் காலடிகள். “நேத்து ராத்திரிது” என்றார் அவர் சாதாரணமாக. நாங்கள் சாதாரணமாக இல்லை.

காட்டுக்குள் பார்த்ததைவிட ஓடையில் பார்த்தவற்றைத்தான் நான் அதிகம் நேசித்தேன். ஓடைப் பறவைகள் மறைந்துகொள்வதில்லை. நம்மைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்க்கின்றன. ஒரு பாறையின் மேல் கரும்சாம்பல் வாலாட்டி நின்றது. முதுகு சாம்பல், வாலடி மஞ்சள். நீண்ட வால் மேலும் கீழும் ஓயாமல் ஆடியது. இதுவும் குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவதுதான். நீருக்கு மேல் தாவி ஒரு கொசுவைப் பிடிக்கும், மறுபடி அதே பாறை. சற்றுத் தள்ளி நிழலில் இன்னொரு வாலாட்டி, மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு. “இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடியுங்கள்” என்றார் சிஸ்டர். நிறம், பட்டை, உயரம் என்று என்னென்னவோ சொன்னோம். கடைசியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். முதல் வாலாட்டி மேலும் கீழும் ஆட்டுகிறது. இது இடமும் வலமும் ஆட்டுகிறது! அதன் பெயர் கொடிக்கால் வாலாட்டி. சீனம், கொரியா பக்கம் கூடு கட்டுகிற பறவை. வாலாட்டிகளில் இது ஒன்றுதான் ‘ஆமாம்’ சொல்லாமல் ‘இல்லை, இல்லை’ என்கிறது என்று சிஸ்டர் சொன்னதும் அந்தச் சிறுமிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு. எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

சிறு மீன்கொத்தி ஒன்று நீலக் கல்லை எறிந்தது போல் நீரில் விழுந்து எழுந்தது. உள்ளான் ஒன்று கரையோரம் நடந்துகொண்டே பின்பக்கத்தை ஆட்டியது. புளிசாதம், உருளைக்கிழங்கு, அப்பளத் தூள் (புறப்படும்போது அப்பளமாகத்தான் இருந்தது). சாப்பாடு முடிந்தபோது பட்டியலில் இருபத்தொன்பது பறவைகள். ஆறு மணிக் குருவி அதில் இல்லை.

காவலர் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். “இருக்கும் அம்மிணி. ஆனா ஆறு மணிக்குத்தான் வாயைத் திறக்கும். நாம நாலரைக்கெல்லாம் வெளியே போயிரோணும். அதுக்கு மேல பள்ளம் யானைக்கு” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆறு மணிக் குருவியை நாலரை மணிக்குள் பார்ப்பது எப்படி?

திரும்பி நடந்தோம். வானம் மூட்டமாக இருந்தது. மரங்களுக்கு அடியில் அப்போதே அந்தி போல் மங்கியிருந்தது. நான் வரிசையின் கடைசி, எனக்குப் பின்னால் காவலர் அண்ணன். பள்ளம் வளைகிற இடத்தில், புதருக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை. முதல் சுரம் ஏறியது, அடுத்தது இறங்கியது. காவலர் அண்ணனின் கை என் தோளுக்கு முன்னால் நீண்டு நின்றது.

“மேல பாக்காதீங்க. இது கீழ நடக்கற குருவி. எலையைப் பாருங்க.”

பார்த்தேன். வெறும் சருகு. பிறகு ஒரு சருகு தானாகப் புரண்டது. அடுத்த சருகு தூக்கி எறியப்பட்டது. அதற்குப் பின்னால் அது நின்றது. அதே பச்சை, அதே நீலம், அதே மை தீட்டிய கண். ஆனால் என் பெட்டியில் இருந்தது இப்படி இல்லை. இது நிமிர்ந்து நின்றது. நெட்டைக் கால்களால் தத்தித் தத்தி ஒரு வேரின் மேல் ஏறியது. குட்டை வாலை மெதுவாக ஏற்றி இறக்கியது. ஏற்றும் போதெல்லாம் அடியில் சிவப்பு தெரிந்தது. பிறகு மண்ணில் அலகை விட்டு ஒரு மண்புழுவை இழுத்தது. புழு வர மறுத்தது. குருவி காலை ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தது. வந்தது. இரண்டு அடி அடித்து விழுங்கியது. அலகை வேரில் இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

நான் பிரித்து அரிசியைத் திணித்தது அது போன்ற ஓர் அலகைத்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. எங்கோ முன்னால் யாரோ தும்மினார்கள். குருவி சிறகை விரித்தது. கறுப்பில் வெள்ளைத் திட்டு பளிச்சென்றது. தரையோடு தரையாகப் பறந்து நிழலுக்குள் போய்விட்டது.

“பாத்துட்டீங்கல்ல?” என்றார் காவலர் அண்ணன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

வேன் அருகே எல்லோரும் பாறையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தார்கள். நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பெட்டி, கட்டில், நெல்லி மரம், கைதட்டல் எல்லாவற்றையும். சிஸ்டர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, “சலீம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சளாக இருக்கிறதே, இது என்ன குருவி என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். அங்கேதான் அவருக்குப் பறவைகளின் மேல் ஆர்வம் பிறந்தது. 1985-இல் எழுதிய வாழ்க்கைக் கதைக்கே அந்தக் குருவியின் வீழ்ச்சியைத்தான் தலைப்பாக வைத்தார்” என்றார்.

எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும், “அவர் பறந்து போய்விட்டது என்று சொல்லவில்லையே சிஸ்டர்” என்றேன்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இல்லை. சொல்லவில்லை” என்றார். பிறகு, “என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டார்.

“ஆண்டு மலருக்கு எழுதட்டுமா?”

“முதலில் விடுதி சிஸ்டரிடம் சொல். அவர் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.”

பட்டியலில் முப்பத்து நான்காவதாக எழுதினேன்: ஆறு மணிக் குருவி, ஒன்று. எழுதும்போது வானொலி எட்டிப் பார்த்து, “நாங்கள் யாரும் பார்க்கவில்லையே, நிஜமாகப் பார்த்தாயா?” என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. “காவலர் அண்ணனைக் கேள்” என்றேன்.

போக்குவரத்து நெரிசலில் வந்து சேர மணி ஆறாகிவிட்டது. வேன் வாசலில் நுழையவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் இறங்கி அப்படியே நின்று மூவேளைச் செபம் சொன்னோம். செபத்துக்கு நடுவில் என் காது நெல்லி மரத்துப் பக்கமே இருந்தது. காக்கைகள்தான் கத்தின.

அன்றிரவே விடுதி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உன்னை நம்பித்தானே கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, மொட்டை மாடி விளக்கைப் பற்றி நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். விளக்கை அணைக்க முடியாது, திருட்டுப் பயம் இருக்கிறது என்றார். அதுவும் நியாயந்தான். கடைசியில் மின்சார வேலைக்கு வரும் அண்ணனிடம் சொல்லி, வெளிச்சம் மேலே போகாமல் கீழே மட்டும் விழும்படி தகரத்தில் ஒரு மூடி செய்து மாட்டினார்கள். மாடி இப்போது இருட்டாக இருக்கிறது என்று துணி காயப் போடுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஐப்பசியில் நான் இந்த விடுதியில் இருக்க மாட்டேன். ஆகவே ஒரு செருப்புப் பெட்டியில் சிறு சிறு ஓட்டைகள் போட்டு, உள்ளே மெல்லிய துணி விரித்து, மூடியில் எழுதி ஒட்டினேன்: ‘களைத்த பறவை வந்தால் உள்ளே வைத்து இருட்டில் வைக்கவும். தீனி ஊட்டக் கூடாது. வாயில் தண்ணீர் விடக் கூடாது. தெளிந்ததும் மரத்தடியில் விடவும். திறந்து பார்க்கக் கூடாது.’ சுவர்ப் பத்திரிகையில் என் படத்தை வரைந்த எட்டாம் வகுப்புத் தங்கையைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, பெட்டியை அவளிடம் கொடுத்தேன். மூடியில் இருந்ததை இரண்டு முறை படித்தாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கக் கூடாதா?”

“கூடாது.”

“அரை நிமிஷம்?”

அவள் கண்களைப் பார்த்தேன். பெட்டியைத் திரும்ப வாங்கி, மூடியைச் சுற்றி ஒரு கயிறு கட்டிக் கொடுத்தேன்.